தொலைபேசி ஆங்கிலம்: சின்னச் சொற்களைக் கவனியுங்கள்

கடிதம் எழுதும்போது பிழைத்த சொல்லை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். நேரில் கதைக்கும்போது சொல் தடுமாறினால் முகமும் கையும் உதவிக்கு வரும். தொலைபேசியில் இந்த இரு வசதிகளும் இல்லை. அங்கே குரல் ஒன்றுதான் நமது முகம். சொல் ஒன்றுதான் நமது கை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் நல்ல சித்தி பெற்றவர்கள்கூட, ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு வந்ததும் தொலைபேசியைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டிவிடுவதை நாம் பார்க்கிறோம். அவர்களுக்குச் சொல்வளம் இல்லாமலில்லை. வினைச்சொல்லை எந்தக் காலத்தில் சொல்வது, அதன் பின்னால் எந்தச் சின்னச் சொல்லைச் சேர்ப்பது என்ற ஐயமே அவர்களைத் தடுக்கிறது.

இது பரீட்சைப் புள்ளிகளோடு முடிந்துபோகும் காரியமன்று. இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் மகன் அனுமதிக்கப்பட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து தாய் அழைக்கிறாள். தாதி பின்வரும் மூன்று வசனங்களுள் ஒன்றைச் சொல்கிறாள்:

"தே ஆர் கோயிங் ரு ஒப்பரேற் ஒன் ஹிம்."
"தே ஆர் ஒப்பரேற்றிங் ஒன் ஹிம்."
"தே ஹாவ் ஒப்பரேற்றட் ஒன் ஹிம்."

முதலாவது வசனத்தின்படி சத்திரசிகிச்சை இனித்தான் நடக்கப்போகிறது. இரண்டாவதன்படி இந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதன்படி முடிந்துவிட்டது. மூன்றிலும் பெரிய சொற்கள் ஒன்றே. வேறுபடுவன சின்னஞ்சிறு துணைச் சொற்களும் வினையின் கடைசி ஓசையுமே. அவற்றைப் பிடித்துக்கொண்ட தாய்க்கும் தவறவிட்ட தாய்க்கும் அன்றைய இரவு ஒன்றாக இராது.

ஆகவே இவ்வாரப் பாடத்தில் தொலைபேசிக்கு வேண்டிய காலங்களையும், தொலைபேசியோடு ஒட்டிய கூட்டு வினைகளையும் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். தொலைபேசியில் எழுத்துக்கூட்டலுக்கு வேலையில்லை; காதுக்கே வேலை. ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தடவை வாய்விட்டு வாசியுங்கள். எழுத்துக்கூட்டலைப் பின்னர் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

1. யார் பேசுவது? எதற்காக?

நாம் தமிழில் "நான் இன்னார் பேசுகிறேன்" என்போம். இதை அப்படியே மாற்றி "ஐ ஆம் ஸ்பீக்கிங்" என்று தொடங்குபவர் பலர். ஆங்கிலேயர் தொலைபேசியில் தம்மைச் சுட்டும்போது "திஸ் இஸ்" என்று சொல்லிப் பெயரைச் சேர்ப்பர். எதிர்முனையில் இருப்பவர் யாரென அறிய "ஹூ ஆர் யூ?" என்று கேட்பது, "நீ யார்?" என்று அதட்டுவது போலாகும். "ஹூ இஸ் கோலிங், பிளீஸ்?" என்பதே மரியாதை.

அழைத்த காரணத்தைச் சொல்லத் தொடர் நிகழ்காலமே பொருத்தம். அந்தச் செயல் அப்போதுதானே நடந்துகொண்டிருக்கிறது.

"ஐ ஆம் கோலிங் ஃப்ரொம் ஜஃப்னா." நான் யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்கிறேன்.
"ஐ ஆம் கோலிங் அபவுற் மை அப்ளிக்கேஷன்." எனது விண்ணப்பம் சம்பந்தமாக அழைக்கிறேன்.

"ஐ கோல்" என்று சாதாரண நிகழ்காலத்தில் சொன்னால் அது வழக்கமாகச் செய்வதைக் குறிக்கும். "ஐ கோல் மை மதர் எவ்ரி சண்டே" என்றால், ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவுக்கு எடுப்பது என் வழக்கம் என்பது பொருள்.

2. மரியாதை வினைச்சொல்லில் இருக்கிறது

நமக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. ஆங்கிலத்திலே சிறுவனுக்கும் "யூ"; நீதவானுக்கும் "யூ". அப்படியானால் மரியாதையை எங்கே வைப்பது? ஆங்கிலேயர் அதை வினையின் காலத்திலே வைத்தார்கள். "கான் யூ" என்பதைவிட அதன் இறந்தகால வடிவமான "குட் யூ" பணிவானது. "ஐ வோன்ற்" என்பது கடைக்காரரிடம் சாமான் கேட்பது போலிருக்கும். "ஐ வுட் லைக்" என்பது வேண்டுகோள்.

"குட் ஐ ஸ்பீக் ரு த மனேஜர், பிளீஸ்?"
"ஐ வோன்ரட் ரு ஆஸ்க் அபவுற் த இன்ரவியூ."

இரண்டாவது வசனத்தில் இறந்தகாலம் இருப்பதால், நேற்றுக் கேட்க விரும்பினார், இன்று விரும்பவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இப்போதுதான் கேட்கிறார், பணிவுக்காகக் காலத்தை ஓரடி பின்னே தள்ளி நிற்கிறார். பெரியவர் முன்னால் நாம் சற்றுத் தள்ளி நிற்பதுபோல என்று கொள்ளலாம்.

3. வாக்குக் கொடுக்கும்போது

தமிழிலே நிகழ்காலத்தால் எதிர்காலத்தைச் சொல்வது சர்வசாதாரணம். "பிறகு எடுக்கிறேன்", "நாளைக்கு வருகிறேன்", "அவரிடம் சொல்லிவிடுகிறேன்" என்கிறோம். இந்தப் பழக்கமே "ஐ கோல் யூ லேற்றர்" என்ற பிழைக்குக் காரணம். அந்த நேரத்தில் மனதில் தீர்மானித்துக் கொடுக்கும் வாக்குக்கு "வில்" அவசியம்.

"ஐ வில் கோல் யூ பாக்." நான் திரும்ப எடுக்கிறேன்.
"ஐ வில் ரெல் ஹிம்." அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே ஒழுங்கு செய்துவிட்ட காரியத்துக்குத் தொடர் நிகழ்காலம் வரும். "ஐ ஆம் சீயிங் த டொக்டர் ஒன் மண்டே" என்றால், வைத்தியரோடு நாளும் நேரமும் பேசியாயிற்று என்பது விளங்கும். செய்ய எண்ணியிருப்பதற்கு "கோயிங் ரு". பேருந்து, விமானம் போன்ற நேர அட்டவணைக்குச் சாதாரண நிகழ்காலம்: "த ஃப்ளைற் லீவ்ஸ் அற் சிக்ஸ்."

இன்னுமொன்று. "அவர் வந்ததும் சொல்கிறேன்" என்பதை "வென் ஹீ வில் கம்" என்று தொடங்கக் கூடாது. "வென்" என்ற சொல்லை அடுத்து நிகழ்காலமே வரும், "வில்" மற்றப் பாதியில் வரும்: "ஐ வில் ரெல் ஹிம் வென் ஹீ கம்ஸ்."

4. நேற்று நடந்ததும் இன்னும் நிலைப்பதும்

"ஐ ஹாவ் கோல்ட்" என்பதற்கும் "ஐ கோல்ட்" என்பதற்கும் என்ன பேதம்? நடந்து முடிந்த காலத்தைச் சுட்டும் சொல் வசனத்தில் இருந்தால் சாதாரண இறந்தகாலம்: "ஐ கோல்ட் யெஸ்ரடே." காலத்தைச் சுட்டாமல், செயலின் பலன் இப்போதும் இருக்கிறது என்று சொல்ல நிகழ்கால முற்று: "ஐ ஹாவ் கோல்ட் த்ரீ ரைம்ஸ்." மூன்று தடவை எடுத்தும் காரியம் ஆகவில்லை என்ற முறைப்பாடு இதிலே அடங்கியிருக்கிறது.

தமிழில் "நேற்று எடுத்திருக்கிறேன்" என்றால் யாரும் பிழை சொல்லார். ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் கோல்ட் யெஸ்ரடே" என்பது பிழை. "யெஸ்ரடே", "லாஸ்ற் வீக்" போன்றவை வந்தால் "ஹாவ்" விலகிவிடும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் அடிக்கடி கேட்கும் இரு விடைகளையும் இங்கே கவனிப்போம்.

"ஹீ ஹாஸ் கோன் ரு கொலம்போ." கொழும்புக்குப் போய்விட்டார், இன்னும் வரவில்லை.
"ஹீ ஹாஸ் பீன் ரு கொலம்போ." கொழும்புக்குப் போய் வந்துவிட்டார்.

முதலாவதைக் கேட்டால் வேறொரு நாள் அழைக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் அவரோடு இன்றே கதைக்கலாம்.

5. காலையிலிருந்து காத்திருக்கிறேன்

"காலையிலிருந்து காத்திருக்கிறேன்" என்பதை "ஐ ஆம் வெயிற்றிங் சின்ஸ் மோனிங்" என்று மாற்றுவது இலங்கையிலும் இந்தியாவிலும் பரவலாகக் கேட்கும் வழக்கு. ஆங்கிலேயர் செவிக்கு அது குறையாகவே படும். முன்னே தொடங்கி இப்போதும் தொடர்வதற்கு "ஹாவ் பீன்" வேண்டும்.

"ஐ ஹாவ் பீன் வெயிற்றிங் சின்ஸ் திஸ் மோனிங்."
"ஐ ஹாவ் பீன் வெயிற்றிங் ஃபோர் ரூ அவர்ஸ்."

தொடங்கிய நேரத்தைச் சொன்னால் "சின்ஸ்". கழிந்த நேரத்தின் அளவைச் சொன்னால் "ஃபோர்".

ஒரு செயல் நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்று குறுக்கிட்டால், நீண்டதற்குத் தொடர் இறந்தகாலமும் குறுக்கிட்டதற்குச் சாதாரண இறந்தகாலமும் வரும். "வீ வேர் ரோக்கிங் வென் வீ வேர் கற் ஓஃப்." கதைத்துக்கொண்டிருந்தோம், இணைப்பு அறுந்துவிட்டது. அறுந்த அழைப்பை மீண்டும் எடுக்கும் எவரும் முதலில் சொல்லவேண்டிய வசனம் இதுதான்.

6. கூட்டு வினை என்றால் என்ன?

தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் "காட்டு" தெரியும், "கொடு" தெரியும். ஆனால் "காட்டிக்கொடுத்தான்" என்று கேட்டால், எதையோ காட்டிவிட்டு எதையோ கொடுத்தான் என்று நினைப்பார். "விட்டுக்கொடு" என்பதும் அவ்வாறே. இரு சொற்கள் சேர்ந்து மூன்றாவது பொருளொன்றைப் பெற்றுவிடுகின்றன.

ஆங்கிலத்திலும் இதே சங்கதிதான். வினைச்சொல்லோடு "அப்", "ஓஃப்", "ஒன்", "துரூ" போன்ற சின்னச் சொல் சேரும்போது புதுப்பொருள் பிறக்கும். இவற்றை "பிரேசல் வேர்ப்" என்பர். நாம் கூட்டு வினை என்போம்.

தொலைபேசிக்குரிய கூட்டு வினைகள் பலவற்றுக்குப் பழைய கருவிகளே பிறப்பிடம். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876இல் தொலைபேசிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான தொலைபேசி இணைப்பகம் தொடங்கியது. அங்கே பணியாளர் ஒருவர் உங்கள் கம்பியை மற்றவர் கம்பியோடு தம் கையாலேயே இணைப்பார். அப்படி ஊடாகச் செலுத்திவிடுவதே "புற் துரூ". சுவர்த் தொலைபேசியில் கேட்கும் குழாயைக் கொக்கியில் தொங்கவிட்டால் இணைப்பு அறும். அதுவே "ஹாங் அப்". கொக்கியும் பணியாளரும் மறைந்தாலும் கைத்தொலைபேசிக் காலத்திலும் சொற்கள் நிலைத்துவிட்டன. இக்கதை தெரிந்தால் பொருள் மறக்காது.

இனி ஒரே வினை சின்னச் சொல்லால் எவ்வாறு மாறுகிறது என்று பாருங்கள்.

*ஹாங்:* "ஹாங் ஒன்" என்றால் சற்றுப் பொறுங்கள். "ஹாங் அப்" என்றால் தொலைபேசியை வையுங்கள். பொறுக்கச் சொன்னவரின் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரும் உண்டு.

*ஹோல்ட்:* "ஹோல்ட் ஒன்" என்றாலும் பொறுங்கள் என்பதே. "ஐ வோஸ் ஹெல்ட் அப்" என்றால் வழியில் தாமதப்பட்டுவிட்டேன்.

*கோல்:* "கோல் பாக்" திரும்ப அழைப்பது. "கோல் ஒன்" நேரில் போய்ச் சந்திப்பது. "கோல் ஓஃப்" அடியோடு இரத்துச் செய்வது.

*புற்:* "புற் துரூ" இணைத்துவிடுவது. "புற் டவுன்" கீழே வைப்பது. "புற் ஓஃப்" பிற்போடுவது. "த இன்ரவியூ ஹாஸ் பீன் புற் ஓஃப்" என்றால் நேர்முகப் பரீட்சை வேறொரு நாளுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. "கோல்ட் ஓஃப்" என்றால் அந்தப் பரீட்சையே இல்லை. முன்னதைக் கேட்டவர் புதிய திகதியை விசாரிக்க வேண்டும். அவ்வாறு விசாரியாமல் கவலையோடு தொலைபேசியை வைத்துவிட்டால், கைக்கெட்டிய உத்தியோகம் போய்விடும்.

*கெற்:* "கெற் துரூ" இணைப்புக் கிடைப்பது. "ஐ குட் நொற் கெற் துரூ" என்றால் எடுத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. "கெற் பாக் ரு யூ" என்றால் விசாரித்துவிட்டு உங்களுக்குப் பதில் தருவேன்.

*கற்:* "கற் ஓஃப்" இணைப்பு அறுவது. "கற் இன்" மற்றவர் பேச்சில் குறுக்கிடுவது.

இவற்றோடு, எடுத்துப் பேசுவதற்குப் "பிக் அப்", உரத்துப் பேசுவதற்கு "ஸ்பீக் அப்", எழுதிக்கொள்வதற்கு "ரைற் டவுன்" என்பனவும் வேண்டும். கைத்தொலைபேசி வந்தபின் இன்னும் இரண்டு பெருகின. அலைவரிசை குன்றிக் குரல் துண்டு துண்டாக வந்தால் "யூ ஆர் பிரேக்கிங் அப்" என்பர். ரீலோட் செய்த காசு முடிந்துவிட்டால் "ஐ ஹாவ் ரன் அவுற் ஒஃப் கிரெடிற்" என்பர்.

ஒரு விதி: "மீ", "யூ", "இற்" போன்ற பிரதிப்பெயர்கள் இவ்வினைகளுள் பலவற்றில் நடுவிலேதான் அமரும். "கோல் மீ பாக்", "புற் மீ துரூ", "ரைற் இற் டவுன்" என்பனவே சரி. "கோல் பாக் மீ" என்பது பிழை. முழுப் பெயர்ச்சொல்லானால் "ரைற் டவுன் த நம்பர்" என்றும் "ரைற் த நம்பர் டவுன்" என்றும் இருவிதமாகவும் சொல்லலாம்.

7. நெஞ்சைப் பதறவைக்கும் சில சொற்கள்

வைத்தியசாலையிலிருந்து வரும் அழைப்பில் "பாஸ்" என்ற வினை வந்தால் அதன் வாலைக் கவனமாகக் கேளுங்கள்.

நமது நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பையோ பயிற்சிக் கலாசாலையையோ முடித்து வெளியேறியவரை "பாஸ் அவுற்" ஆனார் என்போம். பொலீசாரும் படையினரும் பயிற்சி முடித்து நடத்தும் அணிவகுப்புக்கு இங்கிலாந்திலும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் அங்கே தாதி ஒருவர் "ஹீ பாஸ்ட் அவுற்" என்றால் மயங்கி விழுந்தார் என்பது பொருள். "ஹீ பாஸ்ட் அவே" என்றால் இறந்துவிட்டார். "அவுற்" என்பதற்கும் "அவே" என்பதற்கும் ஓசையில் இருப்பது மயிரிழை வேறுபாடு. பொருளிலோ உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

"பாஸ் ஒன்" இன்னும் சிக்கலானது. "ஹீ பாஸ்ட் ஒன் த மெசேஜ்" என்றால் செய்தியைச் சேர்ப்பித்தார். பின்னால் ஒன்றும் இல்லாமல் "ஹீ பாஸ்ட் ஒன்" என்று நின்றால் காலமானார்.

ஆறுதலான சொற்களையும் அறிந்துவைப்போம். "ஹீ ஹாஸ் கம் ரவுண்ட்" என்றால் மயக்கம் தெளிந்துவிட்டது. "ஹீ வில் புல் துரூ" என்றால் ஆபத்தைத் தாண்டிப் பிழைத்துக்கொள்வார்.

ஐயம் தோன்றினால் வெட்கப்படாமல், "ஐ ஆம் சொறி, குட் யூ சே தற் அகெயின், ஸ்லோலி?" என்று கேளுங்கள். கேட்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்லி, "இஸ் தற் ரைற்?" என்று உறுதிசெய்யுங்கள். விளங்காததற்கு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவது தொலைபேசியில் மிகுந்த ஆபத்து.

8. தொலைபேசி எதை விழுங்குகிறது?

மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்கும். மரபுவழித் தொலைபேசி இணைப்போ சுமார் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையானவற்றையே கடத்தும். "எஸ்", "எஃப்" ஆகிய ஓசைகளின் வலு பெரிதும் அதற்கு மேலே இருப்பதால் அவை இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

இங்கேதான் வினைச்சொல்லுக்குச் சோதனை வருகிறது. ஆங்கிலேயர் விரைந்து பேசும்போது "ஐ வில்" என்பதை "ஐல்" என்றும், "ஐ ஹாவ்" என்பதை "ஐவ்" என்றும் சுருக்குவர். "ஹீ இஸ்", "ஹீ ஹாஸ்" இரண்டுமே "ஹீஸ்" ஆகிவிடும். "கோல்" என்பதற்கும் "கோல்ட்" என்பதற்கும் இடையில் இருப்பது ஓர் ஒற்றெழுத்தின் ஓசை மட்டுமே. காலத்தைச் சுமக்கும் ஓசைகள் இவ்வளவு மெலிந்தவை. இணைப்புக் கெட்டால் முதலில் மறைபவையும் இவையே. ஆகவே நாம் பேசும்போது சுருக்காமல் "ஐ வில்", "ஐ ஹாவ்", "ஐ கனொற்" என முழுதாகச் சொல்வோம். மற்றவர் சுருக்கிச் சொன்னால், "ஹாஸ் ஹீ லெஃப்ற், ஓர் வில் ஹீ லீவ் லேற்றர்?" என்று இரண்டையும் எடுத்துவைத்துக் கேட்போம்.

எண்களிலும் இதே இடர் உண்டு. "ஃபிஃப்ரீன்", "ஃபிஃப்ரி" இரண்டும் குழம்பினால், 15ஐ "வன் ஃபைவ்" என்றும் 50ஐ "ஃபைவ் சீரோ" என்றும் தனித்தனி இலக்கமாகச் சொல்லலாம்.

9. ஒரு மாதிரி உரையாடல்

இலண்டன் வைத்தியசாலைக்குச் சகோதரி ஒருத்தி இலங்கையிலிருந்து அழைக்கிறாள். இருவராக நின்று வாசித்துப் பழகுங்கள்.

தாதி: "குட் மோனிங், வோர்ட் செவின்."

சகோதரி: "குட் மோனிங். ஐ ஆம் கோலிங் ஃப்ரொம் ஸ்ரீலங்கா, அபவுற் மை பிரதர். ஹீ வோஸ் அட்மிற்றட் யெஸ்ரடே."

தாதி: "ஹோல்ட் ஒன், பிளீஸ். ஐ வில் புற் யூ துரூ ரு த நேர்ஸ் இன் சார்ஜ்."

பொறுப்புத் தாதி: "ஹலோ. யுவர் பிரதர் இஸ் இன் தியேற்றர். தே ஹாவ் நொற் ஃபினிஷ்ட் யெற்."

சகோதரி: "ஐ சீ. வென் ஷுட் ஐ கோல் பாக்?"

பொறுப்புத் தாதி: "கோல் பாக் அற் ஃபோர். ஹீ வில் ஹாவ் கம் ரவுண்ட் பை தென்."

சகோதரி: "ஃபோர் இன் த ஆஃப்ரர்நூன், லண்டன் ரைம். ஹீ இஸ் ஸ்ரில் இன் தியேற்றர் நௌ. இஸ் தற் ரைற்?"

பொறுப்புத் தாதி: "யெஸ், தற் இஸ் ரைற்."

சகோதரி: "தாங்க் யூ. குட் யூ பாஸ் ஒன் எ மெசேஜ்? பிளீஸ் ரெல் ஹிம் ஐ வில் கோல் அகெயின் ருடே."

இதிலே "தியேற்றர்" என்பது படமாளிகையன்று, சத்திரசிகிச்சைக் கூடம். "வில் ஹாவ் கம் ரவுண்ட்" என்பது எதிர்கால முற்று. நான்கு மணி ஆவதற்குள் மயக்கம் தெளிந்திருக்கும் என்று, வருங்காலத்தில் நின்றுகொண்டு பின்னோக்கிச் சொல்கிறாள். சகோதரி "லண்டன் ரைம்" என்று உறுதி செய்ததையும் கவனியுங்கள். நமது நேரம் இலண்டனைவிடக் கோடையில் நாலரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் முந்தியது. கோடையில் அங்கே பிற்பகல் 4 மணியானால் இங்கே இரவு 8.30.

10. பயிற்சி

பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையை மூடிக்கொண்டு முயல்வது நன்று.

(1) மூன்று தடவை எடுத்தேன். இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை.
(2) அரை மணித்தியாலமாகக் காத்திருக்கிறேன்.
(3) முகாமையாளர் வந்ததும் எனக்குத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.
(4) நேர்முகப் பரீட்சை பிற்போடப்பட்டதா, இரத்துச் செய்யப்பட்டதா?
(5) உங்கள் குரல் துண்டு துண்டாக வருகிறது. நான் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கிறேன்.

விடைகள்:

(1) "ஐ ஹாவ் கோல்ட் த்ரீ ரைம்ஸ், பட் ஐ ஹாவ் நொற் கொற் துரூ."
(2) "ஐ ஹாவ் பீன் வெயிற்றிங் ஃபோர் ஹாஃப் அன் அவர்."
(3) "பிளீஸ் ஆஸ்க் த மனேஜர் ரு கோல் மீ பாக் வென் ஹீ கம்ஸ் இன்."
(4) "ஹாஸ் த இன்ரவியூ பீன் புற் ஓஃப், ஓர் கோல்ட் ஓஃப்?"
(5) "யூ ஆர் பிரேக்கிங் அப். ஐ வில் ஹாங் அப் அண்ட் கோல் யூ பாக்."

ஐந்தும் சரியாக வந்தால் மகிழ்ச்சி. மூன்று வந்தாலும் குறைவில்லை. தவறியவற்றை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அழைப்பதற்கு முன்னர், சொல்லவேண்டிய வினைச்சொற்களை மாத்திரம் அதே தாளில் குறித்துக்கொள்வது மிகவும் பயன்தரும். பெயர்ச்சொல் தடுமாறினால் எதிர்முனையிலிருப்பவர் ஊகித்துக்கொள்வார்; நடந்துவிட்டதா, நடக்கிறதா, இனி நடக்குமா என்பதை ஊகித்துக்கொள்ள அவரால் முடியாது.

பிள்ளைகள் கடல்கடந்து வாழும் வீடுகள் நம்மிடையே அநேகம். அவர்கள் நலமாக இருக்கும்போது அவர்களோடு தமிழிலேயே கதைக்கிறோம். அதற்கு இந்தப் பாடம் வேண்டியதில்லை. அவர்கள் வாய்திறக்க முடியாதிருக்கும் ஒரு நாளில், அவர்களுக்காக வேற்றார் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார். அந்த அழைப்பை வீட்டிலே தைரியமாக எடுத்துக் கேட்கவும், கேட்டதைப் பிழையின்றி மற்றவர்களுக்குச் சொல்லவும் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். இன்றே உரையாடலை வாய்விட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.